நான்கு மாதத் தழும்புக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்

வாசகியின் கடிதம்:

"எனக்கு வயது 38. சிங்கப்பூரில் செங்காங்கில் வசிக்கிறேன், பாலர் பள்ளி ஆசிரியையாக வேலை செய்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் கழுத்தில் கட்டி இருந்ததால் தைராய்டு சுரப்பியில் பாதியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. ஆறாவது வாரம் மருத்துவரிடம் காட்டியபோது தழும்பு பென்சில் கோடுபோல் மெல்லியதாக இருந்தது. இப்போது அது சிவந்து, கறுத்து, மேலெழும்பி நிற்கிறது, அரிக்கிறது. தாலிச் சங்கிலி உரசும் இடப்பக்க ஓரம் கயிறுபோல் தடித்திருக்கிறது. எச்சில் விழுங்கினால் தழும்பும் சேர்ந்து மேலே இழுபடுகிறது. அதற்கு மேலே மோவாய்வரை மரத்துக் கிடக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் செய்துகொண்ட அப்பாவின் நெஞ்சுத் தழும்பு விரல் மொத்தத்துக்குப் புடைத்திருக்கிறது. எனக்கும் அப்படி ஆகுமா? அம்மா மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசச் சொல்கிறார். கத்தரிக்காய், இறால், கருவாடு கூடாது என்கிறார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, சோயா சாஸ் சாப்பிட்டால் தழும்பு கறுக்கும் என்று எச்சரித்து, ஹாருவான் மீன் சூப் கொண்டுவந்து தருகிறார். தோழி வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் பூசச் சொல்கிறாள். தம்பி ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறான். அவன் உடம்பில் ஒரு தடம்கூட இல்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி? மூன்று மாதத்தில் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். அதற்குள் லேசர் செய்து இதை எடுத்துவிட முடியுமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் உங்கள் மனம் அமைதி கொள்ளும்படியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருக்கும் சிவப்பு, தடிப்பு, அரிப்பு, மரத்துப்போன உணர்வு, விழுங்கும்போது ஏற்படும் இழுப்பு ஆகிய ஐந்தும் நான்கு மாதத் தழும்பு ஒன்று வழக்கமாகக் காட்டுகிற முகம்தான். ஆறாவது வாரத்தில் நன்றாக இருந்தது பிறகு கெட்டுவிட்டது என்று நீங்கள் நினைப்பது இயல்பே. ஆயினும் உண்மை அப்படியில்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் தனியே எடுத்துவைத்திருக்கிறேன்: கயிறுபோல் தடித்திருக்கும் அந்த இடப்பக்க ஓரம். அதை ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கு வேண்டியது காலமும் ஒழுங்கான பராமரிப்பும்.

ஆறாவது வாரத்தில் நீங்கள் பார்த்த மெல்லிய கோடு, காயத்தின் வாய் ஒழுங்காகப் பொருந்தி மூடியிருக்கிறது என்பதற்கான சான்று மட்டுமே. தையல் போட்ட காயத்தின் மேற்பரப்பை, ஏறத்தாழ 48 மணி நேரத்துக்குள் மேல்தோலின் மெல்லிய படலம் பாலம்போல் இணைத்துவிடுகிறது. ஆனால் தோலுக்கு உறுதி தருவது அதன் கீழுள்ள அடித்தோல். அங்கே வேலை அப்போதுதான் தொடங்குகிறது. முதல் சில நாள்கள் அழற்சி. இரத்த அணுக்கள் வந்து கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றுகின்றன. அதன் பிறகு நார்த்திசு அணுக்கள் வந்து குவிந்து, கொலாஜன் என்னும் புரதத்தை இழை இழையாகச் சுரந்து வெட்டை நிரப்புகின்றன. அந்த வேலைக்கு உணவும் உயிர்வளியும் கொண்டுவரப் புதிய இரத்த நாளங்கள் ஏராளமாக முளைக்கின்றன. இந்தக் கட்டுமானம் வாரக்கணக்கில் நீடிக்கும். பெரும்பாலான தழும்புகள் ஆறாவது வாரத்துக்கும் மூன்றாவது, நான்காவது மாதத்துக்கும் இடையில்தான் மிகச் சிவப்பாகவும் மிகக் கடினமாகவும் இருக்கும். அதாவது, உங்கள் மருத்துவர் பார்த்த நாளில் தழும்பு இன்னும் தன் உச்சத்தை எட்டியிருக்கவில்லை. இப்போது நீங்கள் கண்ணாடியில் பார்ப்பது அந்த உச்சத்தை.

நம்முடைய சாலைகளில் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு, போக்குவரத்து தடைப்படக்கூடாது என்பதற்காக அவசரமாகத் தார் ஊற்றி மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒட்டு மேடாக, கறுப்பாக, கண்ணை உறுத்திக்கொண்டு கிடக்கும். வண்டி மட்டும் போய்வரலாம். சில மாதங்கள் கழித்து மறுபடி வந்து சுரண்டிச் சமப்படுத்துவார்கள். உடலும் ஏறத்தாழ அப்படித்தான் செய்கிறது. முதலில் இடும் கொலாஜன் மூன்றாம் வகையைச் சேர்ந்த மெல்லிய இழை. அதை உடைத்துக் கரைத்துவிட்டு, உறுதியான முதலாம் வகை இழையைப் படிப்படியாக இடுகிறது. தேவையற்றுப்போன இரத்த நாளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மறைகின்றன. சிவப்பு குறைவது அதனால்தான். இந்த மறுசீரமைப்பு 12 முதல் 18 மாதங்கள் நடக்கும். சிலருக்கு இரண்டு ஆண்டுகள்வரைகூட ஆகும். எனவே ஒரு தழும்பு எப்படி அமைந்தது என்று கேட்பதற்கு உரிய நாள் அறுவை சிகிச்சையின் முதல் ஆண்டு நிறைவுக்குப் பிறகுதான் வருகிறது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு நன்றாக ஆறினாலும் தழும்பு பழைய தோலாக மாறுவதில்லை. இயல்பான தோலில் கொலாஜன் இழைகள் கோரைப்பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கும். தழும்பில் அவை வைக்கோல் கட்டுபோல் ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கும். வியர்வைச் சுரப்பியும் முடியின் வேரும் அங்கே மீண்டும் முளைப்பதில்லை. வலிமையும் அப்படியே: ஒரு வாரத்தில் தழும்பின் உறுதி முன்பிருந்த தோலின் உறுதியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இராது, மூன்று வாரத்தில் 20 முதல் 30 விழுக்காட்டை எட்டும், மூன்று மாத அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நெருங்கி, அந்த அளவோடு நின்றுவிடும். தையல் பிரித்ததுமே எல்லாம் முடிந்ததென்று பளு தூக்கக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இந்தக் கணக்கினால்தான். உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது; பாலர் பள்ளியில் பிள்ளைகளைத் தூக்குவதால் தழும்பு பிரிந்துவிடும் என்ற அச்சம் இனி வேண்டியதில்லை.

தழும்பு என்பது செத்துப்போன தோல் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் மாணவப் பருவத்தில் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய கடற்பயணக் குறிப்பு. 1740ஆம் ஆண்டு ஆங்கிலத் தளபதி ஜார்ஜ் ஆன்சன் உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பலில், அயர்லாந்தில் 1690ஆம் ஆண்டு நடந்த பாய்ன் போரில் காயம்பட்டு ஆறிய முதிய வீரர் ஒருவரும் இருந்தார். பயணத்தில் பழமோ கீரையோ கிடைக்காமல் வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி நோய் பரவியபோது, அரை நூற்றாண்டுக்கு முன் ஆறிப்போயிருந்த அவருடைய காயங்கள் மீண்டும் திறந்துகொண்டன. கொலாஜன் உருவாவதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தழும்பில் பழைய இழை கரைந்துகொண்டும் புதிய இழை உருவாகிக்கொண்டும் இருந்திருக்கிறது. புதியது நின்றவுடன் தழும்பு விட்டுப்போயிற்று. இன்று சிங்கப்பூரில் பழமும் காய்கறியும் உண்ணும் ஒருவருக்கு அந்த நிலை வராது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான்கு மாதத் தழும்பை முடிந்துபோன ஒன்றாகப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் அரிப்புக்கும் இந்த வேலையே காரணம். தழும்பில் உள்ள சில அணுக்கள் ஹிஸ்டமினைச் சுரக்கின்றன. வெட்டுப்பட்ட நுண்ணிய நரம்பு நுனிகளும் மீண்டும் வளர்கின்றன. இரண்டும் அரிப்பைத் தரும். சொறியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். குளிர்ந்த ஈரத்துணியை வைக்கலாம். மணமில்லாத ஈரப்பதக் களிம்பு பூசலாம். மோவாய்க்குக் கீழ் மரத்திருப்பது, அந்தத் தோலுக்கு உணர்வு தரும் மெல்லிய நரம்புகள் அறுவையின்போது அறுபட்டதால். உணர்வு ஓரங்களிலிருந்து உள்நோக்கி மெல்லத் திரும்பும். அதற்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு நடுவில் ஒரு சிறு திட்டு மரத்தே இருந்துவிடுவதும் உண்டு. விழுங்கும்போது தழும்பு மேலே இழுபடுவதற்குக் காரணம், தோலும் அதற்குக் கீழிருக்கும் கழுத்துத் தசையும் ஆறும் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது. தைராய்டு அறுவை செய்துகொண்டவர்கள் என்னிடம் அதிகமாகச் சொல்லும் முறையீடு இதுதான். உள்ளே ஏதோ பிரிந்துவிட்டது என்று பயந்துபோய் வருவார்கள். பெரும்பாலோருக்கு ஆறாவது மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இது இளகிவிடுகிறது. தழும்பை நீவிவிடுவது இதற்கு உதவும். அதன் முறையைப் பின்னர் சொல்கிறேன்.

உங்கள் தம்பியைப் பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பலருடைய மனத்தில் இருந்தும் யாரும் கேட்காத கேள்வி அது. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை அலகு தாங்கி நடக்கும் பக்தர்களின் உடலில் சில வாரங்களில் தடமே தெரியாமல் போவதற்குப் பக்தியே காரணம் என்று நம்புவோரின் நம்பிக்கைக்குள் நான் நுழையவில்லை. தோலின் கணக்கைச் சொல்ல முடியும். கூர்மையான மெல்லிய வேல், கொலாஜன் இழைகளை அதிகம் அறுப்பதில்லை. அவற்றை விலக்கிக்கொண்டு நுழைகிறது. சில மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். துளையின் விளிம்புகளைப் பிரித்து இழுக்கும் விசை மிகக் குறைவு. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் காயம் ஆறும் வேகமே வேறு. வாய்க்குள் தழும்பு மிகக் குறைவாகவே விழும். உங்களுக்கோ கழுத்தின் குறுக்கே சில சென்டிமீட்டர் நீளத்துக்கு அடித்தோல் முழுவதும் அறுக்கப்பட்டு, உறுப்பை எடுப்பதற்காக விளிம்புகள் விரித்துப் பிடிக்கப்பட்டு, பிறகு தைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த இடம் இழுபடுகிறது. தழும்பு எவ்வளவு தடிக்கும், எவ்வளவு அகலும் என்பதை முடிவுசெய்வதில் இந்த இழுவிசைக்குப் பெரிய பங்கு உண்டு.

அறுவை மருத்துவர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். தோலில் இயற்கையாக ஓடும் இழுவிசைக் கோடுகளை 1861ஆம் ஆண்டு ஆஸ்திரிய உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கர் விவரித்தார். அக்கோடுகளின் போக்கிலேயே வெட்டினால் தழும்பு மெலிதாக அமையும். தைராய்டு அறுவையில் செய்த பணிக்காக 1909ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்தின் தியோடோர் கோக்கர், சட்டைக் கழுத்துப்பட்டி அமரும் வளைவில் வெட்டும் முறையைப் பரப்பினார். உங்கள் கழுத்து மடிப்பிலும் பெரும்பாலும் அதே வழியில்தான் வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் விழும் தழும்பு ஓராண்டில் மடிப்போடு மடிப்பாகக் கலந்துவிடும் வாய்ப்பு மிகுதி. அப்பாவின் நெஞ்சு எலும்பின் மேலுள்ள தழும்பை உங்களுடையதோடு ஒப்பிடக்கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே.

நெஞ்சின் நடுப்பகுதி, தோள், மேல்முதுகு, காது மடல், தாடையோரம் ஆகிய இடங்களில் தழும்பு கட்டுமீறி வளர்வது அதிகம். கட்டுமீறிய தழும்புகள் இரண்டு வகைப்படும். இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதே இந்தப் பதிலில் மிக முக்கியமான பகுதி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். முதல் வகை தடிப்புத் தழும்பு. அது வெட்டின் எல்லைக்குள்ளேயே நிற்கும். அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு மாதங்களில் எழும்பி, சில மாதங்கள் வளர்ந்து, பிறகு ஓராண்டிலோ சற்றுக் கூடுதலான காலத்திலோ தானாகவே தணியத் தொடங்கும். இரண்டாவது வகை கீலாய்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அலிபெர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். காரணம், அது வெட்டின் எல்லையைத் தாண்டி, காயமே படாத நல்ல தோலுக்குள் கொடுக்குகளை நீட்டுவதுபோல் பரவும். சில மாதங்கள் கழித்தோ ஓராண்டுக்கு மேலான பிறகோகூடத் தொடங்கலாம். தானாகத் தணிவது அரிது. மாநிறத் தோலும் கருநிறத் தோலும் உடையவர்களிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்ப வழியிலும் வருகிறது.

ஆகவே அப்பாவின் தழும்பு உங்களுக்கு ஓர் எச்சரிக்கை என்பது உண்மைதான்; ஆனால் விதி அதோடு எழுதி முடிக்கப்பட்டுவிடவில்லை. உங்கள் உடலிலேயே இதற்கு விடை சொல்லும் பழைய சாட்சிகள் இருக்கின்றன. காது குத்திய இடம், மூக்குத்தி குத்திய இடம், பிசிஜி தடுப்பூசி போட்ட இடம், சிறுவயதில் விழுந்து தையல் போட்ட இடம் ஏதாவது இருந்தால் அது ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாக அவையெல்லாம் தட்டையாகவே இருந்திருந்தால், உங்கள் கழுத்தில் கீலாய்டு வரும் வாய்ப்பு குறைவு என்று நம்பலாம். அவற்றில் ஏதேனும் ஒன்று உருண்டு திரண்டிருந்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டிய செய்தி அது. நம்மில் பலர், கேட்டால்தான் சொல்வோம் என்று இருந்துவிடுகிறோம்.

இனி அந்த இடப்பக்க ஓரம். வெட்டின் இரு ஓரங்களிலும் இழுவிசை மிகுதி. அதோடு உங்களுக்குத் தாலிச் சங்கிலியின் உராய்வும் சேர்ந்திருக்கிறது. நாள் முழுவதும் உரசிக்கொண்டே இருக்கும் எதுவும் அழற்சியை ஆறவிடாது. தாலியைக் கழற்றுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் மனத்தோடும் குடும்பத்தோடும் சம்பந்தப்பட்டது. ஆனால் சங்கிலியின் பாரத்தைக் குறைக்க வழிகள் உண்டு. மற்றச் சங்கிலிகளை ஓராண்டுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். தாலியை மெல்லிய, வழுவழுப்பான சங்கிலியில் கோத்து, தழும்பின்மேல் படாதபடி நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் படுமானால் அந்த இடத்தில் சிலிக்கோன் தாள் ஒரு துண்டு இருக்கட்டும். தற்காலிகமாக மஞ்சள் கயிற்றுக்கு மாறலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே என் கருத்து. நம் ஊர்ப் புழுக்கத்தில் கயிறு வியர்வையை உறிஞ்சி விறைத்துக்கொண்டு, சங்கிலியைவிடக் கூடுதலாகத் தோலை அராவுகிறது.

சிகிச்சை என்று வரும்போது, எல்லாவற்றிலும் எளியதும் நான் முதலில் பரிந்துரைப்பதும் சிலிக்கோன்தான். தழும்பின் மேல்தோல் ஈரத்தை எளிதில் இழந்துவிடுகிறது. அந்த வறட்சி, கீழே இன்னும் கொலாஜன் வேண்டும் என்ற செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சிலிக்கோன் அந்த ஈரத்தைத் தக்கவைத்து, செய்தியை அடக்குகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தாளாக ஒட்டுவதானால் நாளுக்குக் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதங்கள் விடாமல் ஒட்ட வேண்டும். ஒரு வாரம் போட்டுவிட்டு பலனில்லை என்று நிறுத்திவிடக்கூடாது. பகலில் கழுத்து வியர்த்துத் தாளுக்கு அடியில் வேர்க்குரு வரக்கூடும் என்பதால், பகலில் சிலிக்கோன் ஜெல்லை மெல்லியதாகப் பூசி உலரவிடுங்கள். இரவில் தாளை ஒட்டிக்கொண்டு படுங்கள். தாளையும் தோலையும் தினமும் மிதமான சோப்பால் கழுவுங்கள். மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே இவை கிடைக்கும்.

நீவிவிடுதலை நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். வாசனையில்லாத களிம்பைத் தொட்டுக்கொண்டு, இரண்டு விரல் நுனியால் தழும்பின்மேல் அழுத்தி, விரல் தோலின்மேல் வழுக்காமல் தோலே அடித்தசையின்மேல் நகரும்படி சிறு வட்டமாகவும், மேலும் கீழுமாகவும், பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும். அழுத்தும்போது தழும்பின் சிவப்பு சற்று வெளிறினால் அழுத்தம் போதுமானது. வலித்தால் குறைத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் ஆழமாக அழுத்த வேண்டாம். அங்கே மூளைக்குப் போகும் இரத்த நாளங்கள் ஓடுகின்றன. தழும்பில் மட்டும் கை இருக்கட்டும்.

தழும்பு கறுப்பதைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் சற்று உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தோலின் நிறமி அணுக்கள் அழற்சி கண்டாலே கூடுதலாக மெலனினைச் சுரக்கும் இயல்புடையவை. அதன்மேல் வெயிலும் பட்டால் கறுப்பு மாதக்கணக்கில் நிலைத்துவிடும். நாம் வாழ்வது நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத தீவு. ஆண்டின் எல்லா மாதங்களிலும் நண்பகல் புறஊதாக் கதிர்க் குறியீடு மிக உயர்ந்த நிலையைத் தொடுகிறது, 11ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. வானம் மேகமூட்டமாக இருந்தாலும் கதிர் வரும். பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லும் உங்களுக்குக் கழுத்துதான் நேராக வெயில் படும் இடம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, முடிந்தால் 50 உள்ள வெயில்தடுப்புக் களிம்பைக் காலையில் பூசுங்கள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மாநிறத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்கவைக்கிறது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே கிடைக்கும் களிம்பு அந்த ஒளியையும் தடுப்பதோடு, வெள்ளையாகப் படிந்து தெரியாது. உங்களுக்கு அதுவே ஏற்றது. முதல் ஆண்டு முழுவதும் இதை விடக்கூடாது.

அம்மாவின் மஞ்சளை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அவர் கை அன்பினால் நீள்கிறது. மஞ்சளில் உள்ள பொருள்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருவது உண்மை. ஆனால் அரைத்த மஞ்சளைத் தழும்பின்மேல் பூசினால் கறை படிந்து, சிவப்பு குறைகிறதா கூடுகிறதா என்று பார்க்க முடியாமல் போகும். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். நல்லெண்ணெயை மட்டும் நீவுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அம்மாவின் கையாலேயே நீவிவிடச் சொல்லுங்கள். அதில் கெடுதி இல்லை. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் பூசுவதை நிறுத்திவிடுங்கள். 1999ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறு ஆய்வில், பூசியவர்களில் பெரும்பாலோருக்குத் தழும்பில் நன்மை எதுவும் ஏற்படவில்லை; மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் அழற்சி வந்தது.

கரப்பான் பண்டம் என்று நம் வீடுகளில் ஒதுக்கும் கத்தரிக்காயும் இறாலும் கருவாடும் தழும்பைத் தடிக்கவைப்பதில்லை; உங்களுக்கு இறால் ஒவ்வாமை இருந்தாலொழிய நீங்கள் அவற்றைச் சாப்பிடலாம். சோயா சாஸின் கருநிறம் குடலைத் தாண்டித் தோலுக்கு வருவதும் இல்லை; தழும்பின் கறுப்பு மெலனின், அது உங்கள் உடலே சுரப்பது. ஹாருவான் என்னும் நம்முடைய விரால் மீன் சூப்பை மட்டும் மறுக்காதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு இங்குள்ள சீனர்களும் மலாய்க்காரர்களும் தலைமுறைகளாகக் கொடுத்துவரும் உணவு அது. தழும்பை அழிக்கும் தனிச் சக்தி அதற்கு உண்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆறும் உடலுக்குப் புரதம் வேண்டும், அதில் நல்ல புரதம் இருக்கிறது. ஆபரேஷன் ஆனவருக்குக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்துப் பத்தியம் காப்பது பல தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அந்த ஆன்ட்டியின் சூப் அதைவிட மேலானது.

இப்போது திருமணமும் லேசரும். மூன்று மாதத்தில் இந்தத் தழும்பை எடுத்துவிடுவதாக யாராவது உறுதி கூறினால் அந்த இடத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரத்த நாளங்களைக் குறிவைக்கும் லேசர் சிவப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரே அமர்வில் முடியாது, வாரக்கணக்கான இடைவெளியில் பல முறை செய்ய வேண்டும். மாநிறத் தோலில் அனுபவமில்லாதவர் கையாண்டால் கருந்திட்டோ வெண்திட்டோ விழும். திருமணப் புகைப்படத்தில் தழும்பைவிட அதுதான் தெரியும். தானாகத் தணியும் காலம் இன்னும் எட்டு மாதங்களுக்கு மேல் பாக்கியிருக்கிறது. அந்த நாளுக்கு உங்கள் நிறத்துக்குப் பொருந்தும் மறைப்புக் களிம்பும், பவுடரும் போதும். காயம் முழுவதும் மூடியிருப்பதால் அதைப் பூசுவதில் தடையில்லை, இரவில் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

அவசரத்தின் விலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில், தோளில் கீலாய்டு இருந்த ஓர் இளைஞர் திருமணத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். வெட்டி எடுத்தோம், நானே தையல் போட்டேன். வேறு எந்தத் துணைச் சிகிச்சையும் தரவில்லை. ஓராண்டு முடிவதற்குள் அது முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. வெட்டுவதோடு நிறுத்தினால் பாதிக்கு மேற்பட்ட கீலாய்டுகள் திரும்பும் என்பதைப் புத்தகத்தில் நான் படித்திருந்தேன். அவரிடம் அழுத்தமாகச் சொல்லத் தவறிவிட்டேன். இன்றும் யாராவது 'வெட்டி எடுத்துவிடுங்கள் டாக்டர்' என்று கேட்கும்போது அந்த இளைஞரின் முகம்தான் என் முன் வருகிறது.

காத்திருங்கள் என்று சொல்வது சும்மா இருங்கள் என்று சொல்வதாகாது. ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில், ஒரே சன்னலோரத்தில், தழும்பின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது; இரண்டு படங்களை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். உயரம் குறைந்தோ அப்படியே நின்றோ இருந்தால் நல்லது. இடப்பக்க ஓரம் வெட்டுக்கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் இறங்கினாலோ, ஆறாவது மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனாலோ, அரிப்போடு வலியும் சேர்ந்தாலோ, ஓராண்டு ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் உதவுவது தழும்புக்குள்ளேயே போடும் டிரையம்சினோலோன் ஸ்டீராய்டு ஊசி. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, சில தடவை போட வேண்டியிருக்கும். ஊசி போட்ட இடம் சிலருக்கு மெலிந்து வெளிறும். அந்த வெளிறல் பெரும்பாலும் மாதங்களில் சரியாகும் என்றாலும், முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்வது நல்லது. தடிப்பு சிறிதாக இருக்கும்போதே போட்டால் குறைந்த ஊசிகளில் அடங்கும்.

உங்களுக்கு அறுவை செய்த மருத்துவரின் அடுத்த சந்திப்பு இன்னும் தொலைவில் இருந்தால், தொலைபேசியில் அழைத்து இன்னும் முந்தைய நாள் ஒன்றுக்கு மாற்றி வாங்குங்கள். அது முடியாவிட்டால் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று காட்டி, தேசியத் தோல் நிலையத்துக்கோ மருத்துவமனைத் தோல் பிரிவுக்கோ பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். அந்தக் கடிதம் வழியாகப் போனால் உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்கலாம். அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்த முடியாது என்பதால், அரிப்பு, வலி, இழுப்பு போன்ற தொல்லைகள் இருந்தால் அவற்றைத் தயங்காமல் மருத்துவரிடம் விவரியுங்கள். தழும்பில் கொப்புளம்போல் ஒன்று எழுந்து நூல் நுனி தெரிந்தால், அது கரையாமல் எஞ்சிய தையல் நூல். நீங்களே பிடுங்காமல் தாதியிடம் காட்டுங்கள். திடீரென்று சூடும் வீக்கமும் பரவும் சிவப்பும் சீழும் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தச் சந்திப்புக்குப் போகும்போது அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, இனி என்ன செய்வது என்று அவர் நினைத்திருக்கலாம். சட்டை உரசினால் குத்துகிறது, இரவில் அரிக்கிறது என்பதை வீட்டில் சொல்லாமலும் இருக்கலாம். பழைய கீலாய்டும் ஊசிக்கு இளகும். அரிப்பும் வலியும் பெரும்பாலும் முதல் சில ஊசிகளிலேயே குறைகின்றன. அவர் இதய நோயாளி என்பதால் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும், சர்க்கரை நோய் இருந்தால் அந்தக் குறிப்பையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்; ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையைச் சில நாள்கள் ஏற்றக்கூடும்.